சார்ஜர் பழுதானாலும் செல் தப்ப வேண்டும்

லித்தியம் அயனி பேட்டரி செல்லை அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமல் காக்கும் பொறுப்பை, அதைச் சார்ஜ் செய்யும் ஐசி என்ற மின்சுற்றுச் சில்லிடமே ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஐசியே பழுதாகும்போது செல்லைக் காப்பதற்கு, அதைச் சாராத இன்னொன்று இருந்தாக வேண்டும்.

வீட்டில் விளக்கும் ரேடியோவும் செய்து பார்ப்பவர்களுக்கு நன்கு பழக்கமான, டிபி4056 என்ற சார்ஜ் ஐசியைக் கொண்ட சிறு போர்டையே எடுத்துக்கொள்வோம். செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சிறிய மின்னோட்டத்தில் தொடங்கி, பிறகு 1 ஆம்பியர் வரை கொடுத்து, 4.2 வோல்ட்டை எட்டியதும் மின்னழுத்தத்தை அங்கேயே நிலைநிறுத்தி, மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பின் அது சார்ஜை நிறுத்துகிறது. ஆனால் உள்ளே வரும் 5 வோல்ட்டுக்கும் செல்லுக்கும் நடுவே நிற்பது ஐசிக்குள் இருக்கும் ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான். செல் 3 வோல்ட்டில் இருக்கும்போது 1 ஆம்பியர் ஓடினால் 2 வாட் வெப்பத்தை அது தாங்க வேண்டும். 8 வோல்ட்டுக்கு மேல் தாங்காத அந்த ஐசிக்குக் கையில் கிடைத்த 12 வோல்ட் அடாப்டரை மாட்டிவிடுபவர்களும் உண்டு. அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், வரும் அழுத்தம் முழுவதும் நேராகச் செல்லின் மீது விழும்.

அப்போது கிராஃபைட் மின்முனையில் இடம் கிடைக்காத லித்தியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. எதிர்ப்பக்க மின்முனை நிலைகுலைந்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. மின்பகுபொருள் சிதைந்து வாயுவாகிறது. 18650 எனப்படும் உருளை வடிவ செல்கள் பலவற்றில் உள்ளழுத்தம் கூடினால் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பு உண்டு. பை வடிவ செல்லில் அதுவும் இல்லை. அது உப்பும், தீப்பிடிக்கவும் கூடும்.

இதைத் தடுப்பதற்காகவே ஆறு இணைப்புப் புள்ளிகள் கொண்ட போர்டில் டிடபிள்யூ01ஏ என்ற தனி ஐசியும், அதன் சொற்படி சுவிட்சாக வேலை செய்யும் இரட்டை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும் இருக்கின்றன. செல் சுமார் 4.3 வோல்ட்டைத் தாண்டினால், சார்ஜர் எந்த நிலையில் இருந்தாலும், அது மைனஸ் பாதையை அறுத்துவிடும். நான்கே புள்ளிகள் உள்ள மலிவான போர்டில் இந்தக் காவல் கிடையாது. தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், வாங்கும்போதே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

காவல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதைச் செல்லை மாட்டுவதற்கு முன்பே சோதிக்கலாம். யூஎஸ்பியை இணைக்காமல், செல்லின் இடத்தில் அழுத்தத்தை மாற்றக்கூடிய பவர் சப்ளையை 3.7 வோல்ட்டில் வைத்து, வெளியீட்டில் 47 ஓம், அரை வாட் ரெசிஸ்டரைப் போடுங்கள். செல்லின் மைனஸுக்கும் வெளியீட்டு மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டர் சில மில்லிவோல்ட்டைத்தான் காட்டும். அழுத்தத்தை மெல்ல உயர்த்தினால், 4.3 வோல்ட்டை ஒட்டிய இடத்தில் அந்த அளவு சட்டென்று 0.6 வோல்ட் அளவுக்குத் தாவும்: சார்ஜ் பக்க மாஸ்ஃபெட் அணைந்துவிட்டது, ரெசிஸ்டருக்கான மின்னோட்டம் அதற்குள் இருக்கும், ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடு வழியாக மட்டுமே செல்கிறது என்று பொருள். 4.4 வோல்ட் வரை போயும் தாவவில்லை என்றால் அந்த போர்டை நான் பயன்படுத்துவதில்லை.

இந்த இரண்டாம் காவலும் வெப்பத்தை அறியாது. டிபி4056 ஐசிக்கு வெப்பநிலையைக் கவனிக்கும் கால் ஒன்று இருந்தும், பெரும்பாலான போர்டுகளில் அதைக் கிரவுண்டோடு (மைனஸோடு) இணைத்துச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். இந்தச் சிக்கனம் எனக்கு ஏற்புடையதன்று. செல்லை ஒட்டி, சூடு மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு வெப்ப ஃபியூஸைத் தொடர் இணைப்பில் வைப்பது அதிகச் செலவில்லாத மூன்றாம் தடுப்பு. மூன்று செல்களைத் தொடராக இணைத்த பேக்கில் மொத்தம் 12.6 வோல்ட் சரியாக இருந்தும் ஒரு செல் மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்பதால், அங்கே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணிக்கும் பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மைச் சுற்று) கட்டாயம் தேவை. ஒருமுறை 4.3 வோல்ட்டைத் தாண்டிவிட்ட சாதாரண 4.2 வோல்ட் செல்லை, வெளியே உப்பல் தெரியாவிட்டாலும், மீண்டும் எந்தக் கருவியிலும் போடாமல் மின்கழிவுச் சேகரிப்பில் சேர்த்துவிடுங்கள்.