மலிவு எஸ்எஸ்டியை நம்பலாமா? கடலூரிலிருந்து மூன்று வாரக் குறிப்புகள்

அப்பா விட்டுச் சென்றவற்றில் 212 கேசட்டுகள் இருக்கின்றன. திருவிழா நாகஸ்வரம், வீட்டுக் கல்யாணங்கள், பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொன்ன ஊர்க்கதைகள், நானும் அக்காவும் மழலையில் பாடிய பள்ளிக்கூடப் பாட்டுகள் எல்லாம் அவற்றில் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்துவிட்டன. பரணில் இருந்த பெட்டிகளில் இரண்டு நனைந்து வீணாயின. பிழைத்தவைதான் இந்த 212. கடந்த தை மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி வருகிறேன். இதுவரை 46 முடிந்திருக்கின்றன.

கணினி 2013இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கோ இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும். புதுக் கணினி வாங்கும் நிலையில் நான் இல்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடுவது, அதை ஒரு மலிவான எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் மெமரி சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) நிறுவுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அப்பாவின் கேசட்டுகள் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் முதலில் சோதனை, பிறகுதான் வேலை.

அக்டோபர் 12, ஞாயிறு

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு கடையில் 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (மதர்போர்டோடு கேபிளால் இணைவது) வாங்கினேன். 3,000 ரூபாய்க்குச் சில நூறுகள் குறைவு, மூன்று ஆண்டு உத்தரவாதம். நிறுவனத்தின் பெயரையும் மாடலையும் எழுதாமல் விடுகிறேன். இந்த விலையில் விற்கும் எஸ்எஸ்டிகளில் அதே பெயர், அதே அட்டைப்பெட்டிக்குள் மெமரி சிப்பும் அதை இயக்கும் கன்ட்ரோலரும் மாதத்துக்கு மாதம் மாறக்கூடும். எனக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சோதிக்கும் முறையைச் சொன்னால் அது யாருக்கும் உதவும்.

இணையத்தில் 2 டிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய் என்று வரும் விளம்பரங்களை நான் தொடவே இல்லை. அவற்றில் பல சிறிய மெமரி சிப்பை வைத்துக்கொண்டு கணினியிடம் பெரிய கொள்ளளவைப் பொய்யாகச் சொல்பவை. எழுதும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். திரும்பப் படிக்கும்போதுதான் பழைய கோப்புகள் அழிந்திருப்பது தெரியும். கடையில் ரசீதோடு வாங்கியிருந்தாலும் என்னுடையதையும் அப்படிச் சோதிக்காமல் விடப்போவதில்லை.

அக்டோபர் 13

மாட்டியதும் கணினி 447 ஜிபி என்று காட்டியது. இது குறைபாடு இல்லை. பெட்டியில் 480 என்பது ஆயிரத்தின் பெருக்கங்களில் எண்ணியது, திரையில் தெரிவது 1024இன் பெருக்கங்களில் எண்ணியது. இரண்டும் ஒரே அளவுதான்.

பெட்டியின் மேல் வினாடிக்கு 500 எம்பிக்கு மேல் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது 265. லினக்ஸின் தொடக்கப் பதிவுகளைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: இணைப்பு 3 கிகாபிட் வேகத்தில் நடப்பதாக ஒரு வரி இருந்தது. எச்61 சிப்செட்டில் இருப்பவை எல்லாம் இரண்டாம் தலைமுறை சாட்டா போர்ட்டுகள். ஒரு பைட்டை அனுப்ப அந்தக் கம்பியில் 10 பிட் செலவாகிறது. ஆகவே 3 கிகாபிட் என்பது வினாடிக்கு 300 எம்பி, அதிலும் நடைமுறைச் சேதாரம் போக 265. குறை எஸ்எஸ்டியில் இல்லை.

பழைய ஹார்ட் டிஸ்க் இதே சோதனையில் 110 தந்தது. இரண்டரை மடங்குகூட இல்லை. இதைப் பார்த்துவிட்டு 'பழைய கணினிக்கு எஸ்எஸ்டி வீண்' என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய தவறு. கணினி தொடங்கும்போது ஒரே நீளக் கோப்பை அது படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுகிறது. 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகிறது. ஊசி நகர்ந்து சேர இன்னும் ஒரு 9 மில்லி வினாடி. ஆக வினாடிக்கு 75 தேடல்தான் முடியும். எஃப்ஐஓ என்ற கருவியால் 4 கேபி துண்டுகளைத் தாறுமாறான இடங்களிலிருந்து படிக்கச் சொன்னேன். ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 71 துண்டு, எஸ்எஸ்டி ஏறக்குறைய 6,000. எண்பது மடங்கு! பெட்டியில் அச்சடிக்க வேண்டிய எண் இதுதான்.

அக்டோபர் 14

இன்று எஃப்3 சோதனை. இது 1 ஜிபி கோப்புகளாக எழுதி எஸ்எஸ்டியை நிரப்பும், பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து எழுதியதே இருக்கிறதா என்று ஒப்பிடும். கொள்ளளவு உண்மையா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

எழுதத் தொடங்கி 115 கோப்பு வரை 250 எம்பி வேகம். அதற்குப் பிறகு திடீரென்று 70க்கு இறங்கி, கடைசி வரை ஏறவே இல்லை. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு கட்டத்தில் இது என் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக எழுதிக்கொண்டிருந்தது. படிக்கும் பகுதி அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு கோப்பிலும் பிழை இல்லை. கொள்ளளவு உண்மையானதுதான்.

115 என்ற எண் இரவு முழுக்க என்னை விடவில்லை. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் மெமரியின் ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் வைத்தால் வேகமாக எழுதலாம். மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, அறைக்குள் 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் வைத்தால் கியூஎல்சி, 16 நிலைகள். நிலைகள் கூடக் கூட எழுதுவது மெதுவாகும். அதனால் மலிவான எஸ்எஸ்டிகள் காலியான அறைகளில் முதலில் ஒரு பிட் வீதம் விறுவிறுவென்று எழுதிவைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் அவற்றை நெருக்கி அடுக்குகின்றன. கியூஎல்சியாக இருந்தால் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்குதான் இப்படி வேகமாகப் போகும். 480இல் நான்கில் ஒன்று 120. டிஎல்சி என்றால் 160 வரை போயிருக்கலாம்.

அக்டோபர் 16

என் ஊகம் சரிதானா என்று பார்க்க எஸ்எஸ்டியில் 350 ஜிபி வரை நிரப்பி, எந்த இடங்கள் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை கொடுத்து, ஓர் இரவு சும்மா விட்டேன். மீதி 130. நான்கால் வகுத்தால் 32. காலையில் எழுதிப் பார்த்தபோது 31ஆவது கோப்பில் வேகம் விழுந்தது. கியூஎல்சிதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. கடைக்காரர் டிஎல்சி என்று சொன்னார், பெட்டியில் எதுவும் இல்லை.

இதனால் எனக்கு என்ன நஷ்டம்? 90 நிமிடக் கேசட் ஒன்று சாதாரண ஒலிக்கோப்பாக 950 எம்பி. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேலை செய்யும்போது இரட்டிப்பாகி 1.9 ஜிபி. இரைச்சல் நீக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு பிரதி எழுதப்படும். கேசட் வேலை நடக்கும் நாளில் 10 ஜிபி எழுதினால் அதிகம். 115 ஜிபி எல்லையை நான் தொடப்போவதே இல்லை. நாள்தோறும் நீண்ட வீடியோக்களை வெட்டி ஒட்டுபவருக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 19

லினக்ஸ் மின்ட் நிறுவியாயிற்று. தொடங்க முன்பு 1 நிமிடம் 50 வினாடி, இப்போது 24 வினாடி. பதிவுகளில் இருப்பவர்களின் குரலை அடையாளம் சொல்ல அம்மா பக்கத்தில் உட்காருவார். கணினியைப் போட்டுவிட்டு அவர் காபி கலக்கப் போய்வருவது எங்கள் வழக்கம். இன்று எழுந்து சமையலறை வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்து, "அதற்குள் வந்துவிட்டதா?" என்றார். இந்த ஒரு வாரத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி அந்தக் கேள்விதான்.

அக்டோபர் 24

மழை. நேற்றிலிருந்து கோப்புகளை நகலெடுக்கும்போது திரை இரண்டு மூன்று வினாடி உறைந்துவிடுகிறது. லினக்ஸின் பதிவில் இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டியதாக வரிகள். எஸ்எஸ்டி போய்விட்டது என்றே நினைத்தேன். மலிவுக்கு ஆசைப்பட்டு அப்பாவின் குரலோடு விளையாடிவிட்டோமே என்று நெஞ்சு பதறியது. ரசீதைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

கடைக்குக் கிளம்புமுன், டிஸ்க் தன் நிலையைத் தானே எண்களாகக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை ஒருமுறை வாசித்தேன். பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளைச் சொல்லும் 5ஆம் எண் சுழியம். திருத்த முடியாத பிழைகளைச் சொல்லும் 187ஆம் எண்ணும் சுழியம். ஆனால் 199ஆம் எண் 31 காட்டியது. சென்ற வாரம் அதுவும் சுழியம். 199 என்பது சிஆர்சி பிழை. தரவு கம்பியில் போகும்போது அதோடு ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகிறது. சேருமிடத்தில் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் பிழை என்று எண்ணிவிட்டு மறுபடி அனுப்பச் சொல்வார்கள். அதாவது பழுது சேமிக்கும் இடத்தில் இல்லை, வழியில் இருக்கிறது.

கேபினட்டைத் திறந்தேன். எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில், இரவில் அலை ஓசை கேட்கும் தூரம். உப்புக்காற்றில் திருகாணிகள் எல்லாம் துருவேறியிருந்தன. எஸ்எஸ்டிக்கு நான் மாட்டியிருந்தது, பல வருடமாகப் பயன்படாத டிவிடி டிரைவின் பழைய கேபிள். அதன் முனைத் தகடுகள் பொலிவிழந்து கறுத்திருந்தன. கொக்கி உள்ள புதுக் கேபிள் ஒன்று 80 ரூபாய்க்கு வாங்கி, வேறு போர்ட்டில் மாட்டினேன். இந்த எண் ஒருபோதும் குறையாது. ஏறாமல் நின்றால் போதும்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் எஸ்எஸ்டியைக் குறை சொல்லுமுன் இந்த 199ஐப் பார்த்துவிடுங்கள்.

அக்டோபர் 28

இரண்டு நாளில் மூன்று முறை மின்சாரம் போனது. யுபிஎஸ்ஸில் பேட்டரி தளர்ந்துவிட்டதால் கணினி அப்படியே அணைந்தது. திடீர் மின்வெட்டைத் தாங்கும் மின்தேக்கிகள் இந்த விலை எஸ்எஸ்டிகளில் இருக்காது. அதனால் முடித்த 46 கேசட்டுகளின் கோப்புகளுக்கும் முன்பே சரிபார்ப்பு எண் எடுத்து வைத்திருந்தேன். மூன்றாவது மின்வெட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். அனைத்தும் சரி. பதிவாகிக்கொண்டிருந்த 47ஆம் கேசட்டின் கடைசி சில நிமிடங்கள் மட்டும் போயின. நாடா இருக்கிறது, மறுபடி ஓட்டலாம். யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி சொல்லியாயிற்று.

வெப்பநிலை எப்போது பார்த்தாலும் 40 என்று காட்டுகிறது. அதிகாலையிலும் 40, எஃப்3 ஓடும்போதும் 40. உள்ளே உணரி இல்லை, எழுதிவைத்த எண் இது. கையால் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

நவம்பர் 2

எழுத்து ஆயுளைப் பற்றி நண்பர்கள் பலர் பயமுறுத்தினார்கள். இதற்கு உத்தரவாதம் 120 டிபி எழுதும் வரை. நாளுக்கு 10 ஜிபி என்றால் 12,000 நாள், 32 ஆண்டுகளுக்கு மேல். அது என் கவலை இல்லை. கன்ட்ரோலர் ஒரு நாள் முன்னறிவிப்பின்றி நின்றுவிடலாம் என்பதே கவலை. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகிக் காட்டிவிட்டுப் போகும், இது அப்படிச் சொல்லாது. இன்னொன்றும் உண்டு. ஆயுள் முடிந்த எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் வீட்டு உபயோகத்துக்கு ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பு வகுத்த தரநிர்ணயம். எங்கள் ஊர்க் கத்திரி வெயில் 30இல் நிற்பதில்லை. பீரோவில் பூட்டிவைத்து மறந்துவிடும் பொருள் அல்ல இது.

அதனால் ஏற்பாடு இப்படி: எஸ்எஸ்டியில் லினக்ஸும் அன்றன்றைய கேசட் வேலையும். முடிந்த கேசட் அன்று இரவே பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முழு நகல், அது புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்கா வீட்டில் இருக்கும். முதல் நகலை இன்று காலை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பாட்டியின் கதை இருக்கும் கோப்பை அக்கா அங்கேயே போட்டுக் கேட்டாள்.

வீடு திரும்பியதும் ஸ்மார்ட் அறிக்கை பார்த்தேன். 199 இன்னும் 31தான். 47ஆம் கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டிருக்கிறேன்.