அன்றிரவு நாட்குறிப்பில் எழுதியது

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த வசன அட்டையோடு வீடு திரும்பியதும், கலாத்தியர் 5:22, 23-இல் வரும் ஆவியின் கனி ஒன்பதில் ஒன்றை நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதி, அதை ஆண்டு முழுவதும் வேலையிடத்தில் பழகுவது என் வழக்கம். சென்ற ஆண்டு சாந்தத்தை எழுதினேன். அதற்கு முந்தைய சீசனில், பழம் தரம் பிரிக்கும் மேசையருகே, என் தாயின் வயதுடைய ஒரு பெண்மணியை எல்லார் முன்னிலையிலும் கடிந்து பேசிவிட்டேன்; அவர் முந்தானையில் கையைத் துடைத்தபடி பேசாமல் நின்றது என்னை விட்டு அகலவில்லை.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும் நாட்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அப்படியோர் இரவில் பிரிக்ஸ் பதிவேட்டை, அதாவது கூழின் இனிப்பளவைக் குறித்து வைக்கும் ஏட்டைப் பார்த்தேன். ஏழு கட்டங்களிலும் 14.5 என்று ஒரே கையாக எழுதியிருந்தது. லோடுக்கு லோடு இனிப்பு மாறும் பழத்தில் அப்படி வராது. இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் பழைய கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்து, ஒரு சொட்டு வைத்து, விளக்குக்கு நேரே பிடித்தேன். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 14-க்குக் கீழே நின்றது.

எழுதிய இளைஞரைத் தனியே அழைத்து, "தம்பி, இனிமே பாத்து எழுதுங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னேன். "சரி சார்" என்றார். அன்றிரவு நாட்குறிப்பில், "இன்று கோபப்படவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று எழுதினேன்.

மூன்று வாரத்தில், அவர் அளக்காமல் எழுதிய ஒரு லாட் வாங்குபவரின் சோதனையில் தேறாமல் போனது. நிர்வாகம் அவரை நிறுத்திவிட்டது. சாப்பாட்டுப் பையோடு கேட்டருகே நின்றவர், "அன்னைக்கு நீங்க திட்டியிருந்தா பயந்திருப்பேன் சார். சிரிச்சிக்கிட்டே சொன்னதால பெரிய விஷயம்னு தோணல" என்றார். அதில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

எச்சரிக்க வேண்டியதை எச்சரித்தேன், வளர்ந்த பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன சொல்வது என்று பல இரவுகள் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அளவு 14-க்குக் கீழே நின்றதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. அந்தக் கருவியை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லவும் இல்லை. சொல்லத் தொடங்கினால் குரல் உயர்ந்துவிடும், எடுத்த தீர்மானம் உடைந்துவிடும் என்று அஞ்சினேன். கனிகளைச் சொன்ன அதிகாரத்தை அடுத்து, 6:1-இல், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணும்படி பவுல் எழுதுகிறார். சாந்தத்தை நான் எடுத்துக்கொண்டேன், சீர்பொருந்தப்பண்ணுவதை விட்டுவிட்டேன். அப்படியென்றால் அது சாந்தம்தானா? திட்டியிருந்தால் மட்டும் திருந்தியிருப்பாரா என்பதும் எனக்கு உறுதியில்லை. பயத்தில் இன்னும் சாமர்த்தியமாக எண்களை மாற்றி மாற்றி எழுதியிருக்கவும் கூடும்.

இந்த ஆண்டும் சாந்தம் என்றே எழுதினேன். போன வாரம் புதிதாக வந்த பையன் ஒரு கட்டத்தை அளக்காமல் நிரப்பியிருந்தான். கருவியை அவன் கையில் கொடுத்து, கோட்டைப் பார்க்கவைத்து, இந்த எண்ணை நம்பித்தான் டின் மூடப்படுகிறது என்று அழுத்திச் சொன்னேன். சொல்லி முடித்ததும், என் குரல் உயர்ந்துவிட்டதோ என்று மேசைப் பக்கம் திரும்பி அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து பழங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அன்றைய பக்கத்தை இன்னும் எழுதவில்லை.