மிஸ், காக்கா ஆய் நகருது!

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை. நோட்டு கிடையாது, எழுத்து கிடையாது. ஒரு பூதக்கண்ணாடி, நாலைந்து தொட்டிச் செடி, அவ்வளவுதான். திருப்பாதிரிப்புலியூர் என்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே மரம் இருக்கிறது. பாடலீஸ்வரர் கோயில் தலவிருட்சமான பாதிரி மரத்தைக் காட்டித்தான் வகுப்பையே ஆரம்பித்தேன்.

போன மாதம் கறிவேப்பிலைத் தொட்டி பக்கத்திலிருந்து ஒரு கத்தல்: "மிஸ், காக்கா ஆய் நகருது!"

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு. பழுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசல் பறவை எச்சம்தான். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டான், அடிக்க. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளை அவன். படம் வரைந்து நட்சத்திரம் வாங்கியவன். எதிரில் இருப்பது அதே புழு என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் காட்டவில்லை.

"இது ஏன் இப்படி வேஷம் போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டேன். ஐந்து வயதுக்காரி யோசிக்கவே இல்லை: "ஆயைப் போய் எந்தக் குருவி திங்கும்?" அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது!

தோல் உரித்து உரித்து, கடைசியில் புழு பச்சையாகிவிட்டது. விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு நெடி. எதிரியை விரட்டத்தான். ஆளுக்கு ஒரு தடவைதான் தொடலாம் என்று கணக்கு வைத்தேன்.

ஒரு தப்பும் செய்தேன். பாட்டிலில் வளர்த்த இரண்டு புழுக்களுக்கு இலை தீர்ந்துபோய், மார்க்கெட்டில் வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவிப் போட்டேன். காலையில் இரண்டும் சுருண்டு கிடந்தன. பூச்சிமருந்து அடித்த இலை என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. "அப்போ நம்ம ரசத்துல போடறது?" என்றாள் அந்த ஐந்து வயதுக்காரி. அன்றைக்கு அவள் அம்மாவும் வந்து இதையே கேட்டார். இப்போது மூன்று வீட்டில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார்கள்.

செடியிலேயே இருந்த புழு பிழைத்தது. குச்சியில் ஒட்டி, இடுப்பில் மெல்லிய நூலைச் சுற்றிக்கொண்டு கூடாகிவிட்டது. "அரைஞாண் கயிறு கட்டியிருக்கு மிஸ்!"

பத்தாவது நாள், வியாழக்கிழமை காலை, கூடு வெடித்தது. வாட்ஸ்அப்பில் சொன்னதும் செருப்பைக் கழற்றிய பையன் யூனிஃபார்மோடு ஓடிவந்தான். கசங்கிய துணிபோல இருந்த இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, கறுப்பில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "இன்னும் காயல மிஸ்," என்று கிசுகிசுத்தபடி அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.