அதற்குப் பெரியப்பா என்ன சொல்வார்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலிருந்து உளவியல் படிக்கப் போன தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, அமெரிக்காவில் பிஎச்டி இண்டர்ன்ஷிப்பைப் போதை சிகிச்சையில் செய்யணும்னா எங்கே ஆரம்பிக்கிறது?" அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் விசா. இண்டர்ன்ஷிப் இடங்களைத் தொகுத்துத் தரும் ஏபிக் (APPIC) அமைப்பின் பட்டியலில் நான் குறித்து வைத்த இடங்களில் பாதி, முன்னாள் படைவீரர்களுக்கான விஏ மருத்துவமனைகள். பயிற்சி அருமையாக இருக்கும், ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். இரண்டு வாரம் வீணான பிறகுதான் அந்த வரி என் கண்ணில் பட்டது. இன்னொன்று, இண்டர்ன்ஷிப் என்பது ஓர் ஆண்டு முழுநேர வேலை. மாணவர் விசாவில், படிப்பின் பகுதியாக வேலை செய்யத் தரும் அனுமதி சிபிடி (CPT). முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால், படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஓபிடி (OPT) வேலை அனுமதி போய்விடும். தேதி போடும் முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

விண்ணப்பக் கட்டுரைகளை எப்படியோ எழுதிவிடலாம். என்னை உலுக்கியது நேர்காணல். டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். நியூயார்க் பக்கம் பகல் 1 மணி என்றால் நமக்கு மலேசியாவில் விடியற்காலை 2. அம்மா நாயைப் பின்னால் கட்டிவிட்டு, கோப்பி ஓ கலக்கி வைத்துவிட்டு, கதவோரமே நின்றுகொண்டார். ஜூமில் ஒரு கேஸ் கொடுத்தார்கள். ஐம்பது வயது ஆள், மனைவி இழுத்து வந்திருக்கிறார். "என் காசில் குடிக்கிறேன், இவளுக்கு என்ன?" என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கல்லீரல், பிள்ளைகள் படிப்பு, குடும்ப மானம் என்று அடுக்கினேன். கேட்டு முடித்த, நேர்காணல் செய்த பெண்மணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதற்கு அவர் என்ன பதில் சொல்வார்?"

எனக்கா தெரியாது? பால்மரம் வெட்டிய என் பெரியப்பாவிடம் இதையேதான் பாட்டியும் அம்மாவும் வேலை வாங்கும் தண்டலும் இருபது வருடம் சொன்னார்கள். "சரி சரி, நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்பார். சம்பளம் போட்ட அன்று சம்சுச் சாராயக் கடையில் நிற்பார். தோட்டத்துப் பிள்ளை, குடியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது குடிப்பவரைத் திட்டுவது மட்டும்தான்.

அந்த இடம் கிடைக்கவில்லை, வேறோர் இடம் கிடைத்தது. அங்கே மேற்பார்வையாளர், சிகிச்சைக்கு வந்தவரோடு நான் பேசிய பதிவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, காகிதத்தில் கோடு போட்டு எண்ணினார். நான் கேட்டது 17 கேள்வி. வந்தவர் சொன்னதை வாங்கித் திருப்பிச் சொன்னது இரண்டே முறை. வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய ஊக்க நேர்காணல் முறையில், ஒரு கேள்விக்கு அப்படி ஒன்றாவது வேண்டும், தேர்ந்தவருக்கு இரண்டு. "குடிச்சாத்தான் தூக்கம் வருது" என்றால், "எத்தனை கிளாஸ்?" என்று நம் வாய் துறுதுறுக்கும். "குடிக்கலேன்னா ராத்திரி பூரா முழிச்சுக் கிடக்கணுமேன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடம் அவரே பேசுவார். இதை வீட்டிலேயே பழகலாம், எங்கள் அம்மாவிடம் மட்டும் பலிக்கவில்லை.

மருந்து எழுதித் தருவது நம் வேலையில்லை என்று உடல் பக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு வருடம் பெரியப்பா ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்க மாலை போட்டு, குடியை ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாள் வெட்டி வெட்டி இழுத்தது. சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசினோம். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம் என்று வார்டில்தான் படித்தேன். கைநடுக்கம், வியர்வை என்று 10 அம்சங்களுக்கு மதிப்பெண் போடும் அளவுகோலை அங்கே 'சிவா' (CIWA) என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியப்பா நினைவு வந்ததும் நின்றுவிட்டது. இப்போது ஊரில் யாராவது விரதத்துக்குக் குடியை விடப்போகிறேன் என்றால், தினமும் எவ்வளவு என்று கேட்டுவிட்டு முதலில் கிளினிக்குக்கு அனுப்புகிறேன்.

நேர்காணல் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்பார்கள். அமெரிக்க உளவியல் சங்கமான ஏபிஏவின் அங்கீகாரம் உள்ள இடத்தில் வாரம் 4 மணி நேரமாவது மேற்பார்வை உண்டு, அதில் 2 மணி நேரமாவது தனியாக. அதை எல்லோரும் ஒழுங்காகச் சொல்லிவிடுவார்கள். என் பதிவைப் போட்டுக் கேட்பீர்களா, நான் சொல்வதை மட்டும் வைத்துப் பேசுவீர்களா என்று கேளுங்கள். இதற்கு மழுப்பிய இடங்களை, நான் விரும்பும் வரிசையில் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் கீழே இறக்கினேன்.