டிக்கெட் கணக்கில் வராத வேலை

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை என்றால் டைம்ஷீட்தான். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. மணிக்கணக்கில் பில் போடும் ஒப்பந்தத்தில் வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டித்தானே ஆக வேண்டும். ஆனால் முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில், யார் எத்தனை டிக்கெட் முடித்தார்கள் என்ற பட்டியலும் வாராவாரம் மெயிலில் வரும். டிக்கெட் என்பது ஒரு கோளாறையோ வேலையையோ பதிந்து வைக்கும் குறிப்பு; வேலை முடிந்ததும் அதை மூடுவார்கள். ஆண்டு இறுதி மதிப்பீடும் அதை வைத்துத்தான்.

எங்கள் குழுவிலேயே அனுபவம் மிகுந்த பொறியாளர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் கடைசியில் இருப்பார். இரவில் தரவுகளை மொத்தமாகக் கையாளத் தானாக ஓடும் ‘பேட்ச் ஜாப்’ ஒன்று அடிக்கடி பாதியில் நின்றுவிடும். ஷிஃப்டில் இருப்பவர் அதைத் திரும்ப ஓடவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். சில நிமிட வேலை, கணக்கில் ஒன்று ஏறிவிடும். அது ஏன் நிற்கிறது என்று தேடியவர் இவர் ஒருவர்தான். கணினி தானே எழுதி வைக்கும் பழைய பதிவுகளை, அதாவது லாக்குகளை, நாள் கணக்கில் படித்தார். இரண்டு ஜாப்கள் டேட்டாபேஸில் உள்ள இரண்டு தரவு அட்டவணைகளை (டேபிள்களை) எதிரெதிர் வரிசையில் பூட்டிக்கொண்டு, ஒன்றுக்காக இன்னொன்று காத்துக் கிடந்தன. டேட்டாபேஸ் வேறு வழியில்லாமல் ஒன்றை நிறுத்திவிடும். வரிசையை மாற்றச் சில வரிகள் போதுமாக இருந்தன. அதன்பின் அந்தக் கோளாறு வரவேயில்லை. அவர் கணக்கில் ஏறியது ஒரே ஒரு டிக்கெட். மதிப்பீட்டில் ‘எண்ணிக்கை குறைவு’ என்று எழுதினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

அப்புறம் நடந்தது அதைவிட மோசம். இளையவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஒரே பிழையை மூன்று டிக்கெட்டாகப் பிரித்தார்கள். சிக்கலானதை யாரும் தொடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும் நேரமும் நஷ்டமாகிவிட்டது.

வேலையை எண்ணி அளக்கும் இந்த வழக்கம் ஆலைகளில் தொடங்கியது. அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஃபிரெடரிக் டெய்லர், இரும்புக் கட்டிகளை வண்டியில் ஏற்றும் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்தார். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. எங்கள் வேலையில் பாதி நாள் அதைக் கண்டுபிடிப்பதிலேயே போகிறது. அறிவை வைத்து வேலை செய்பவரை ‘அறிவுப் பணியாளர்’ என்று 1959-லேயே எழுதிய மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999-ல் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: செய்ய வேண்டிய வேலை எது என்பதுதான் முதல் கேள்வி, அதை அந்தப் பணியாளரிடமே கேட்க வேண்டும்.

1982-ல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில் வாரம் எத்தனை வரி நிரல் எழுதினீர்கள் என்று படிவம் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் பொறியாளர் பில் அட்கின்சன் வரைகலை நிரலின் ஒரு பகுதியைச் சுருக்கி, வேகத்தையும் பல மடங்கு கூட்டியிருந்தார். படிவத்தில் ‘-2000’ என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் மூத்தவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை வந்ததும் அலுவலக உரையாடல் செயலியான டீம்ஸில், ஆள் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளியைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிடம் கை ஓய்ந்தால் அது மஞ்சளாகிவிடும். காகிதத்தில் படம் போட்டு யோசிப்பவர் அந்தக் கணக்கில் வேலையில் இல்லாதவர். சிந்தனை ஓடிக்கொண்டிருக்கும்போதே மவுஸை அசைத்துக்கொண்டிருந்த நண்பர்களை எனக்குத் தெரியும்.

பிறகு வேறு இடத்தில் அமைந்த மேலாளர் அதே டிக்கெட் தரவை வேறு விதமாகப் பார்த்தார். யார் எத்தனை முடித்தார்கள் என்ற பட்டியலே அவரிடம் கிடையாது. எந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அதை ஒருவரிடம் ஒப்படைப்பார். “என்ன தடங்கல்னு மட்டும் சொல்லுங்க” என்பார். சர்வர் அனுமதிக்கு அலைவது, வாடிக்கையாளரிடம் தவணை கேட்பது எல்லாம் அவர் பொறுப்பு. அது தீரும் வரை அந்த ஆளுக்கு வேறு டிக்கெட் போகாது.