கிரில் சிக்கன் கம்பியில் ஒரு பத்மினி

அப்பாவின் 1984 பிரீமியர் பத்மினி எட்டு வருடமாகப் போர்ட்டிகோவில் நின்றது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே மிதியடியைத் தூக்கினால் சிமெண்ட் தரை தெரியும். அடித்தகடு மொத்தமும் மாற்ற வேண்டும். மல்லாந்து படுத்து வெல்டிங் அடித்தால் பொறியெல்லாம் கழுத்துக்குள்தான் விழும். அதனால்தான் பாடியைச் சுழற்றும் ஸ்டாண்ட். கிரில் சிக்கன் கடைக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள், கோழிக்குப் பதில் கார்.

பத்மினிக்குத் தனிச் சேஸி, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் எலும்பும். துருப்பிடித்த தரையோடு இரண்டு முனையில் மட்டும் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. கதவு இடைவெளிகளை அளந்து எழுதிவைத்துவிட்டு, கதவுகளைக் கழற்றி, ஒவ்வொரு வாசலிலும் ஒரு இன்ச் ஸ்கொயர் பைப்பைக் குறுக்காக வைத்துப் பற்றவைத்தோம். இந்த வேலைக்கு மட்டும் ஒரு நாள் போனது. போகட்டும்.

ஸ்டாண்டை இங்கே கோவையிலேயே ஒரு லேத் பட்டறையில் செய்தோம். பைப்புக்குள் பைப் சுழலும். பாடியோடு சுற்றும் வட்டத் தகட்டில் துளைகள், நிறுத்த ஒரு பின். முன்னும் பின்னும் பம்பர் பிடிக்கும் இடத்தில் போல்ட். பின்பக்கம் அந்த இடமே அரித்திருந்ததால் முதலில் அங்கே புதுத் தகடு வைக்க வேண்டியிருந்தது.

தூக்குவதற்கு, போர்ட்டிகோ பீமில் செயின் பிளாக்கை, அதாவது சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவியை, மாட்டலாம் என்றேன். “வீடு வேணுமா வேண்டாமாங்க சார்?” என்றார் வெல்டர். போர்வெல் மோட்டாரை மேலே இழுப்பவர்களிடம் உயரமான முக்காலி வாடகைக்கு வாங்கி, செயின் பிளாக்கை அதில் மாட்டி, முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை. அரை மணி நேரத்தில் பாடி அந்தரத்தில். இரண்டு சுழல் பைப்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபால் பார்த்தோம். இல்லையென்றால் இறுகிக்கொண்டு சுற்றாது.

சரி, முடிந்தது என்று பின்னை உருவினேன். லேசாகத்தான் தள்ளினேன். கார் ‘தொபுக்’கென்று தலைகீழாகப் புரண்டது, கூரையின் ஓரம் என் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. பம்பர் போல்ட்டுகள் இருப்பது ரொம்பக் கீழே. சுழலும் மையத்தை அதே உயரத்தில் வைத்தால் எடையில் பெரும்பகுதி மையத்துக்கு மேலே நிற்கும், சான்ஸ் கிடைத்ததும் கவிழும். பாடியை மையத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான்கு இன்ச் இறக்கினோம். இப்போது இரண்டு பேர் தள்ளியும் திரும்பாமல் தொட்டில் மாதிரி பழைய நிலைக்கே வந்தது. ஒரு இன்ச் ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் முக்காலி, செயின் பிளாக், எட்டு போல்ட். இரவு எட்டரைக்கு, விட்ட இடத்தில் நின்றது.

பக்கவாட்டில் திருப்பியதும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியிலிருந்து துரு கொட்ட ஆரம்பித்தது, முறத்திலிருந்து அரிசி சரிகிற சத்தத்தோடு. வாளி பிடித்தேன். முக்கால் வாளி துரு, காய்ந்த மண், ஒரு நாலணா.

இப்போது வெல்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுவரில் ஆணி அடிப்பதுபோல அடித்தகட்டைப் பற்றவைக்கிறார். பின் போட்டிருந்தாலும் நான் தனியாக ஒரு கயிறும் கட்டிவைத்திருக்கிறேன். அவர் சிரிக்கிறார், அவிழ்க்கச் சொல்லவில்லை.