விமானம் எங்கே நின்றது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறேன். கமாண்டோக்களைப் பற்றி எழுத உனக்கென்ன தெரியும் என்கிறான் மச்சான். வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியும், அது போதும்.

2008 நவம்பர் 27, ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். நமக்கு ஏழு மணி, மும்பையில் நாலரை. டிவியில் தாஜ் ஹோட்டல் எரிகிறது. முந்தின இரவே பத்துப் பயங்கரவாதிகள் ஊருக்குள் புகுந்து சுட ஆரம்பித்துவிட்டார்கள். "கறுப்புப் பூனைங்க எங்கப்பா?" என்றார் கடைக்கார அக்கா.

வந்துகொண்டிருந்தார்கள். கறுப்புப் பூனைகள் என்றால் 1984இல் தொடங்கிய இந்தியாவின் தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள். அவர்கள் இருந்தது டெல்லி பக்கத்து மானேசரில். அவர்களை ஏற்றவேண்டிய பெரிய ஐஎல்-76 விமானம் நின்றது சண்டிகரில். அது டெல்லிக்கு வந்து, ஆளை ஏற்றி, மும்பையில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. தாஜ் அடங்கியது 29ஆம் தேதி காலைதான். உயிரிழந்தவர்கள் 166 பேர்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் இல்லாமல் போன பிறகு ஒரு ராத்திரி அவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. சரி, லாரியிலேயே கொண்டுபோவோம் என்றால், அதன் முன்னால் டிராக்டர், டிராக்டர் சாவி மண்டோர் (கங்காணி) வீட்டில், மண்டோர் கல்யாண வீட்டில். இருபது நிமிடம் போனது. அப்பா பிழைத்தார், ஆனால் அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கவில்லை.

இந்தியாவும் மறக்கவில்லை. 2009இல் மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா என நான்கு ஊர்களில் அந்தப் படைக்கு நிலையம் வந்தது. மகாராஷ்டிர போலீஸ் ஃபோர்ஸ் ஒன் என்று சொந்தமாகவே ஒரு படையை உருவாக்கியது. டெல்லியைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியதில்லை.

இன்னொன்றும் மாறியது. தாக்கப்பட்ட இன்னொரு இடமான நரிமன் ஹவுஸ் மொட்டை மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து வீரர்கள் கயிற்றில் இறங்கியதை நேரலையில் பார்த்து நாங்கள் கைதட்டினோம். பாகிஸ்தானில் உட்கார்ந்து போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தவர்களும் டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்களாம். அன்றைய கைதட்டலை நினைத்தால் இப்போது கூசுகிறது. இப்படிப்பட்ட நேரலைக்கு 2015இல்தான் தடை வந்தது. ஏழு வருடம்!

பக்கத்தில் படை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். 2000 ஜூலையில் எங்கள் பேராக்கிலேயே அல்-மாவுனா என்ற தீவிரவாதக் கும்பல் ராணுவ முகாமில் ஆயுதங்களைக் கொள்ளையடித்துக்கொண்டு சவுக் மலையில் ஏறியது. மலேசியப் போலீஸ் கமாண்டோக்களான வாட் 69 படையின் தலைமையகம் ஈப்போவை ஒட்டிய உலு கிந்தாவில்தான், இதே பேராக்கில். அப்படியும் பிணைக்கைதிகளில் இரண்டு பேரைக் கொன்றுவிட்டார்கள். ஒருவர் நம் தமிழ்ப் போலீஸ்காரர்.

ஆனாலும் லாரியை நான் மூக்கு ரோட்டைப் பார்த்த மாதிரிதான் நிறுத்துகிறேன். துணி காயப்போட வெயில் மறைக்கிறது என்று வீட்டில் தினமும் சண்டை.